இரைச்சலை வளைத்துப் பிடித்த கதை

குவாண்டம் கணினியின் வரலாறு: 14

சென்ற இதழை 1998ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டு ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்து டேனியல் லாஸும் ஐ.பி.எம். ஆய்வகத்து டேவிட் டிவின்சென்சோவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குறைக்கடத்திக்குள் மின்னழுத்தத்தால் வேலி கட்டிய ‘குவாண்டம் புள்ளி’யில் ஒற்றை எலக்ட்ரானை அடைத்து வைக்கலாம், அதன் ஸ்பின்னையே, அதாவது அதன் சின்னஞ்சிறு காந்தத் தன்மையையே, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டாகக் கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. மே மாதத்தில், சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்த புரூஸ் கேன், சிலிக்கானில் பதித்த பாஸ்பரஸ் அணுவின் கருவை க்யூபிட்டாகக் கொள்ளும் திட்டத்தை வெளியிட்டார். இரண்டுமே காகிதக் கணினிகள். குவாண்டம் புள்ளிக்குள் இருக்கும் ஓர் எலக்ட்ரானின் ஸ்பின்னை விரும்பியபடி திருப்பிக் காட்டியவர் அன்று உலகில் எவரும் இல்லை.

அந்தக் காகிதத்திலிருந்து நிஜமான சிப்புக்கு வந்து சேர ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. வழியில் நின்ற பெரிய தடை ஒன்றுதான். ஸ்பின்னை வேகமாகத் திருப்ப வேண்டும், துல்லியமாகவும் திருப்ப வேண்டும். திடப்பொருளுக்குள் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகை.

ஏன் பகை என்று பார்த்துவிடுவோம். குவாண்டம் கணினியில் கேட் என்றால், குறித்த அச்சைச் சுற்றி ஸ்பின்னைக் குறித்த கோணத்துக்குத் திருப்புவது; இரண்டு க்யூபிட் கேட் என்றால், ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றொன்றைத் திருப்புவது. 90 பாகை என்றால் 90 பாகைதான் திரும்ப வேண்டும். 91 ஆனால் அந்த ஒரு பாகை அடுத்த கேட்டுக்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போய்க் கணக்கைக் கெடுக்கும். பிழை திருத்தும் முறைகள் உண்டு. ஆனால் அவற்றில் அதிகம் பேசப்படும் பரப்புக் குறியீட்டு முறைகூட, ஒவ்வொரு கேட்டின் பிழையும் சுமார் 1 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும். நூற்றுக்கு 99 என்பது இங்கே நுழைவுத் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண் மட்டுமே.

ஸ்பின் நல்ல க்யூபிட்டாக இருப்பதற்குக் காரணம், அது சுற்றுப்புறத்தை அதிகம் பொருட்படுத்துவதில்லை. எலக்ட்ரானின் மின்னூட்டம் பக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு அசைவையும் உணரும். ஸ்பின்னோ காந்தப்புலத்துக்கு மட்டுமே செவிசாய்க்கும். அதனால்தான் அதன் நினைவு நீடிக்கிறது. ஆனால் வேகமாகத் திருப்ப வேண்டுமானால் அதை மின்சாரத்தோடு எப்படியாவது இணைத்தாக வேண்டும். ஒரு சிப்பில் நானோநொடிக்குள் ஏற்றி இறக்க முடிவது மின்னழுத்தத்தைத்தான். இணைத்த அந்தக் கணமே, கட்டளை போகும் அதே வழியில் இரைச்சலும் வந்துவிடுகிறது. இணைப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம். எவ்வளவு வேகமோ அவ்வளவு இரைச்சல். இந்தத் துறையின் கால் நூற்றாண்டு உழைப்பு முழுவதும் இந்த ஒற்றைக் கட்டை அவிழ்க்கச் செலவானது என்றால் மிகையில்லை.

அவிழ்க்கும் முதல் நுனி குவாண்டம் கணினி என்ற பேச்சே எழாத காலத்தில் கிடைத்திருந்தது. அதற்காக நாம் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் ரேடாரும் சோனாரும் கற்பித்த எர்வின் ஹான், போருக்குப் பின் இலினாய் பல்கலைக்கழகத்தில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1949இல் ஒருநாள் அவருடைய ஆசிலோஸ்கோப் திரையில், எந்த ரேடியோ அலைத் துடிப்பும் அனுப்பாத நேரத்தில் ஒரு சமிக்ஞை எழுந்தது. கருவிக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். அது மறுபடியும் வந்தபோது உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்தார். 1950இல் வெளியான அந்தக் கட்டுரையின் பொருள்தான் ஸ்பின் எதிரொலி.

அதை விளக்க ஓட்டப்பந்தயத்தைச் சொல்வது வழக்கம். ஒரே கோட்டில் புறப்பட்ட ஓட்டக்காரர்கள் அவரவர் வேகத்தில் ஓடிச் சிதறுகிறார்கள். ஒரு விசில் கேட்டதும் எல்லோரும் திரும்பி, அதே வேகத்தில் வந்த வழியே ஓடுகிறார்கள். முந்தியவர் அதிக தூரம் திரும்ப வேண்டும், பிந்தியவர் குறைந்த தூரம். ஆகவே எல்லோரும் புறப்பட்ட கோட்டை ஒரே நேரத்தில் தொடுகிறார்கள். ஸ்பின்களும் அப்படித்தான் சிதறுகின்றன. நடுவில் தரும் ஒரு 180 பாகைத் திருப்பம் அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்கும். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஓட்டக்காரர் போகும்போதும் திரும்பும்போதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அதாவது, மெதுவாக மாறும் இரைச்சலைத்தான் இந்த வழியில் அழிக்கலாம். சட்டென்று மாறும் இரைச்சலிடம் இது பலிக்காது. கதையின் கடைசிவரை இந்த நிபந்தனை நம்மோடு வரும்.

இரண்டாவது நுனி 1979இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்தது. அங்கே அதே ஒத்ததிர்வு ஆராய்ச்சியில் மால்கம் லெவிட்டும் ரே ஃபிரீமனும் வேறொரு தொல்லையோடு மல்லுக்கட்டினார்கள். அவர்கள் அனுப்பிய துடிப்பின் வலிமை மாதிரியின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கவில்லை. 180 பாகை திருப்பச் சொன்னால் சில இடங்களில் 162தான் திரும்பியது. அவர்கள் கண்ட தீர்வைக் கையில் எண்களோடு பார்ப்பது நல்லது. ஒரே 180க்குப் பதிலாக மூன்று துடிப்புகள்: ஓர் அச்சில் 90, அதற்குச் செங்குத்தான அச்சில் 180, மீண்டும் முதல் அச்சில் 90. துடிப்பு 10 சதவீதம் பலவீனம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 90 உண்மையில் 81தான் திருப்பும். ஸ்பின் நடுக்கோட்டுக்கு 9 பாகை மேலே நின்றுவிடும். நடுவில் வரும் திருப்பம் அதை நடுக்கோட்டுக்கு 9 பாகை கீழே, 99க்குத் தள்ளும். கடைசித் துடிப்பும் அதே 81 பாகை. 99உம் 81உம் சேர்ந்தால் 180. நடுத் துடிப்பிலுள்ள குறையால் சிறு மிச்சம் இருக்கும். ஆனால் முதலில் இருந்த 18 பாகைப் பிழையோடு ஒப்பிட்டால் அது அற்பம். துடிப்பைச் சரிசெய்யவில்லை, பிழையை அளந்து கழிக்கவும் இல்லை. பிழையையே பிழைக்கு எதிராக நிறுத்தினார்கள். கூட்டுத் துடிப்பு என்ற இந்த உத்தி எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

இனி 2005க்கு வருவோம். ஹார்வர்டில் சார்லஸ் மார்கஸின் குழு. முதல் ஆசிரியர் ஜேசன் பெட்டா. காலியம் ஆர்சனைடு சிப்பின் மேற்பரப்பில் நுண்ணிய உலோக மின்முனைகள். அவற்றுக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அடியில் உள்ள எலக்ட்ரான்கள் விலகி ஓட, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவாண்டம் புள்ளிகள் மிஞ்சும். ஆளுக்கொரு எலக்ட்ரான். இரண்டு ஸ்பின்களும் சேர்ந்து எடுக்கும் நிலைகளில் இரண்டை, சிங்லெட் என்றும் டிரிப்லெட் என்றும் அழைக்கப்படுபவற்றை, க்யூபிட்டின் 0 ஆகவும் 1 ஆகவும் கொண்டார்கள். இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே புள்ளியில் சேர்த்துச் சிங்லெட்டாகத் தயாரிப்பது, பிரித்து வைப்பது, காத்திருப்பது, பிறகு மறுபடியும் ஒரே புள்ளிக்குள் அழைப்பது. இன்னும் சிங்லெட்டாக இருந்தால் இரண்டாவது எலக்ட்ரான் உள்ளே வரும். டிரிப்லெட்டாகியிருந்தால், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக் கூடாது என்ற பௌலியின் விதி வாசலில் நிறுத்திவிடும். வந்ததா வரவில்லையா என்பதைப் பக்கத்தில் ஓடும் ஒரு மெல்லிய மின்னோட்டம் காட்டிக்கொடுத்தது.

எலக்ட்ரான்கள் நெருங்கினால் அவற்றுக்கிடையே பரிமாற்ற இடைவினை பிறக்கும். அதுவே இரண்டு ஸ்பின்களையும் இடம் மாற்ற வைக்கும். பாதி இடமாற்றம் ஒரு முழுமையான குவாண்டம் கேட். ஒரு புள்ளியை மற்றதைவிடத் தாழ்த்தி, எலக்ட்ரான்களை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்த இடைவினையைப் பெட்டாவின் குழு எழுப்பியது. 180 பைக்கோநொடியில் கேட் முடிந்தது. ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டு, அதில் 180 பங்கு.

அதே கட்டுரையில் இன்னோர் எண்ணும் இருந்தது. அந்த க்யூபிட்டின் நினைவு 10 நானோநொடிதான். காலியம், ஆர்சனிக் இரண்டின் எல்லா அணுக்கருக்களுக்கும் சொந்த ஸ்பின் உண்டு. ஒரு புள்ளிக்குள் நிற்கும் எலக்ட்ரான் சுமார் பத்து லட்சம் அணுக்கருக்களின் மேல் படர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலம் தர, அவற்றின் கூட்டுத்தொகை எந்த நேரத்தில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொகை மெதுவாகத்தான் மாறியது. க்யூபிட்டின் கணக்கில் பார்த்தால் மிக மெதுவாக. ஹானின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. எதிரொலித் துடிப்பைக் கொடுத்ததும் 10 நானோநொடி 1.2 மைக்ரோநொடியாயிற்று, 120 மடங்கு. 2011இல் அதே ஹார்வர்டில் அமீர் யாகோபியின் குழு எதிரொலித் துடிப்புகளை வரிசையாக அடுக்கி அதை 200 மைக்ரோநொடிக்கும் மேலே கொண்டுபோனது.

2006இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஃபிராங்க் கோப்பென்ஸும் தோழர்களும் ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னைத் தனியே திருப்பிக் காட்டினார்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி, அதில் மைக்ரோவேவ் மின்னோட்டம், அதனால் பிறக்கும் அலைவுறு காந்தப்புலம். 90 பாகை திருப்ப மிகக் குறைந்தது 27 நானோநொடி ஆயிற்று. இரண்டு ஸ்பின்னைச் சேர்த்துத் திருப்ப 180 பைக்கோநொடி, ஒன்றைத் தனியே திருப்ப அதைப் போல 150 மடங்கு நேரம்! இன்னும் வேகம் வேண்டுமென்றால் கம்பியில் இன்னும் மின்னோட்டம் வேண்டும்; மின்னோட்டம் கூடினால் பூஜ்ய கெல்வினை ஒட்டி வைத்திருக்கும் சிப் சூடாகும். காந்த வழி அங்கேயே முட்டி நின்றது.

இதற்கு 2008இல் ஜப்பானில் செய்கோ தருச்சாவின் குழு காட்டிய வழி எளிமையும் அழகும் சேர்ந்தது. சிப்பின் மேல் கோபால்ட்டால் ஆன நுண்காந்தம் ஒன்றை வைத்தார்கள். அதன் புலம் இடத்துக்கு இடம் சரிவாக மாறும். இனி எலக்ட்ரானை மின்னழுத்தத்தால் இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தால் போதும். அசையும் எலக்ட்ரானின் கண்ணுக்கு அந்த நிலைத்த புலமே அலைவுறும் புலமாகத் தெரியும். ஸ்பின் மின்சாரத்தின் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. அதற்கான விலையை அது எப்படிக் கொடுத்தது என்பதற்குப் பின்னால் வருவோம்.

இதற்கிடையில் கோட்பாட்டாளர்கள் சும்மா இருக்கவில்லை. எதிரொலி, க்யூபிட்டின் நினைவைக் காக்கும். ஆனால் கணினிக்கு வேண்டியது நினைவு மட்டுமல்லவே; திருப்பும்போதே பாதுகாப்பும் வேண்டும். ஒத்ததிர்வு ஆராய்ச்சியாளர்கள் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கூட்டுத் துடிப்புகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போனதுதான் சிக்கல். அந்தத் துடிப்புகள் எந்த அச்சிலும், எந்தத் திசையிலும் திருப்ப முடியும் என்று எடுத்துக்கொள்கின்றன. பெட்டாவின் க்யூபிட்டில் பரிமாற்ற இடைவினைக்கு ஒரே குறிதான். கூட்டலாம், பூஜ்யம்வரை குறைக்கலாம், எதிர்க்குறிக்குக் கொண்டுபோக முடியாது. இன்னோர் அச்சைத் தரும் காந்தப்புல வேறுபாட்டையோ அணைக்கவே முடியாது. கையில் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் சாவி.

2012இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இந்தச் சாவியை வைத்தே பூட்டைத் திறந்தார்கள். கொல்கத்தாவில் பிறந்த சங்கர் தாஸ் சர்மாவின் குழு அது. கேட்டை அதன் போக்கில், பிழையோடு செய்யவிடு. பிறகு மொத்தத்தில் எதையுமே மாற்றாத ஒரு சுற்றை அதோடு சேர். அந்தச் சுற்று செய்யும் பிழை, கேட் செய்த பிழைக்கு நேர் எதிராக இருக்கும்படி அதன் அளவுகளைத் தேர்ந்தெடு. சூப்கோட் என்று பெயரிட்ட இந்த முறையை மறு ஆண்டே விரித்து, அணுக்கருக்களின் இரைச்சலோடு மின்னூட்ட இரைச்சலையும் ஒருசேரக் கழிக்கும்படி செய்தார்கள்.

கணக்கு சரி, ஆனால் கேட் நீண்டுபோயிற்று. பிழையைக் கழிக்கும் சுற்றுகள் கேட்டைவிடப் பல மடங்கு நேரம் தின்றன. நேரம் நீண்டால் இரைச்சல் நடுவில் மாறிவிடும் வாய்ப்பும் கூடுகிறது, அப்போது ஹானின் நிபந்தனை உடைகிறது. தவிர, அந்தத் துடிப்புகள் காகிதத்தில் செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்கின. ஆய்வகத்தில் மின் அலைகளை உருவாக்கும் எந்தக் கருவியும் அப்படி ஏற்றி இறக்காது. ஏறும் நேரத்திலும் இறங்கும் நேரத்திலும் ஸ்பின் திரும்பிக்கொண்டுதானே இருக்கும்? வேகமும் பாதுகாப்பும் மறுபடியும் எதிரெதிரே நின்றன.

சோதனை செய்தவர்கள் வேறு பக்கமிருந்து வந்தார்கள். அணுக்கரு இரைச்சலுக்கு நேரடி மருந்து, ஸ்பின் இல்லாத அணுக்கருக்கள். இயற்கைச் சிலிக்கானில் 92 சதவீதம் சிலிக்கான்-28, அதன் கருவுக்கு ஸ்பின் கிடையாது. தொல்லை தருவது 4.7 சதவீதம் உள்ள சிலிக்கான்-29 மட்டுமே. அதை வடித்தெடுத்துவிட்டால்? 2014இல் சிட்னியில் ஆண்ட்ரியா மொரெல்லோவும் ஆண்ட்ரூ ட்சுராக்கும் அப்படித் தூய்மையாக்கிய சிலிக்கானில் வேலை செய்தார்கள். பாஸ்பரஸ் கருவின் நினைவு 30 நொடிக்கு மேல் நீடித்தது. நானோநொடிகளைப் பற்றிப் பேசிவந்த துறையில் அரை நிமிடம்! குவாண்டம் புள்ளியின் எலக்ட்ரானை 99.6 சதவீதத் துல்லியத்தோடு திருப்பவும் முடிந்தது. மறு ஆண்டு அதே பல்கலைக்கழகம் சிலிக்கானில் முதல் இரண்டு க்யூபிட் கேட்டைக் காட்டியது.

அணுக்கருக்கள் அடங்கியதும் அவற்றின் கூச்சலில் அமுங்கிக் கிடந்த மற்றோர் இரைச்சல் வெளியே கேட்டது. சிலிக்கானும் அதன் மேல் படர்ந்த ஆக்சைடும் சந்திக்கும் இடத்தில் பல குறைகள் உண்டு. அவற்றில் மின்னூட்டங்கள் மாட்டுவதும் விடுபடுவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு தாவலும் பக்கத்திலுள்ள எலக்ட்ரானை இம்மியளவு தள்ளும். 2018இல் தருச்சாவின் குழு, தூய சிலிக்கானையும் நுண்காந்தத்தையும் சேர்த்து 99.9 சதவீதத்தைத் தாண்டியது. அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே, நினைவைக் கட்டுப்படுத்துவது இப்போது மின்னூட்ட இரைச்சல்தான் என்று எழுதினார்கள். நுண்காந்தம் கொடுத்த விலை இதுதான். எலக்ட்ரானை அசைத்தால் ஸ்பின் திரும்பும் என்று ஏற்பாடு செய்தாயிற்று. இனி எவர் அசைத்தாலும், மாட்டி விடுபடும் ஓர் அநாமதேய மின்னூட்டம் அசைத்தாலும், ஸ்பின் திரும்பத்தானே செய்யும். அந்தக் குழுவை நான் மதிப்பது சாதனை எண்ணுக்காக மட்டும் அல்ல. இரைச்சலை ஏழு பதின்மடங்கு அதிர்வெண் விரிவுக்கு அளந்து, அது எப்படிப்பட்டது என்று வரைபடம் போட்டு வைத்ததற்காக. அந்த வரைபடம், இரைச்சலின் பெரும்பகுதி மெதுவானது என்று காட்டியது. மெதுவானது என்றால் கழிக்கலாம்.

இரண்டு க்யூபிட் கேட்டில் இதே பாடம் 2016இல் வேறு உருவில் கிடைத்திருந்தது. பெட்டாவின் முறையில் எலக்ட்ரான்களை ஒரு பக்கம் சாய்த்து இடைவினையை எழுப்பினார்கள் என்று பார்த்தோம். சாய்ந்த நிலையில், சாய்வில் ஓர் இம்மி கூடினாலும் குறைந்தாலும் இடைவினை எகிறும் அல்லது சரியும். இரைச்சல் நுழைய அதைவிட நல்ல இடம் கிடையாது. கலிபோர்னியாவின் மாலிபுவிலுள்ள எச்.ஆர்.எல். ஆய்வகமும் கோபன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனமும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. சாய்க்காதே, இரண்டு புள்ளிகளையும் சமமாக வைத்து, நடுவிலுள்ள தடுப்பை மட்டும் இறக்கு. சமநிலையில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சிறிது அசைந்தாலும் இடைவினையின் அளவு முதல் வரிசையில், அதாவது சிறு அசைவுகளுக்கு ஏறக்குறைய, மாறாது. ஒரே வேகம், ஆனால் பல மடங்கு அமைதி. நடுத்தடுப்பை இறக்குவதுதான் 1998இல் லாஸும் டிவின்சென்சோவும் எழுதிய மூல யோசனை. சாய்ப்பது ஆய்வகத்தில் எளிது என்பதால் எல்லோரும் அந்தப் பக்கம் போய், பதினெட்டு ஆண்டு கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்தார்கள்.

இப்போது இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்திருக்கிறோம். 2018இல், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் எட்வின் பார்ன்ஸும் ஜுன்காய் ஸெங்கும் உடன் உழைத்தவர்களும், இரைச்சலைக் கழிக்கும் கேட்களைத் தேடும் வேலை முழுவதையும் ஒரு வடிவியல் கணக்காக மாற்றினார்கள். மேரிலாந்துக் குழுவில் சூப்கோட்டை உருவாக்கியவர்களில் பார்ன்ஸும் ஒருவர்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியிலிருந்து கோடு இழுக்கத் தொடங்குங்கள். கோட்டின் நீளம்தான் நேரம். துடிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் கோடு நேராகப் போகும். துடிப்பு கொடுத்தால் வளையும். அந்தக் கணத்தில் துடிப்பு எவ்வளவு வலியதோ கோடு அவ்வளவு வளையும். கேட் முடியும்போது கோட்டின் நுனி எங்கே நிற்கிறதோ அதற்கும் தொடங்கிய புள்ளிக்கும் உள்ள தூரம், மெதுவான இரைச்சல் விளைவித்த பிழையின் அளவு. கோட்டின் திசை மொத்தம் எவ்வளவு திரும்பியதோ, ஸ்பின்னும் அவ்வளவு பாகை திரும்பியிருக்கும்.

அவ்வளவுதான் விதி. இனி எல்லாம் கண்ணுக்கே தெரியும். சும்மா விட்ட க்யூபிட் நேர்கோடு. நேரம் போகப்போகத் தொடக்கப் புள்ளியிலிருந்து விலகிக்கொண்டே போகும், பிழை ஏறிக்கொண்டே போகும். ஹானின் எதிரொலி என்றால், நேரே போய், ஒரே இடத்தில் 180 பாகை திரும்பி, வந்த வழியே மீண்டு தொடக்கப் புள்ளியைத் தொடுவது. 1949இல் ஆசிலோஸ்கோப்பில் எழுந்த அந்தச் சமிக்ஞையின் முழு விளக்கமும் தாளில் போய்த் திரும்பும் ஒரே கோடு. மாறாத வலிமையில் ஒரு முழுச் சுற்று ஓட்டினால் வட்டம் கிடைக்கும்; அதுவும் மூடிக்கொள்ளும். பிழை கழியும் கேட் வேண்டுமா? மூடிக்கொள்ளும் எந்த வளைகோட்டையும் வரைந்துகொள். இரு நுனிகளும் சந்திக்கும் கோணத்தை வேண்டிய கேட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள். பிறகு கோட்டின் வளைவை இடத்துக்கு இடம் அளந்தால், அனுப்ப வேண்டிய துடிப்பின் உருவம் கையில். கோடு தன்னையே வெட்டி எட்டு போல இரண்டு வளையமாகி, ஒரு வளையத்தின் பரப்பை மற்றது சரிக்கட்டினால், மிஞ்சியிருக்கும் இன்னும் சிறிய பிழையும், அதாவது இரண்டாம் வரிசைப் பிழையும், போய்விடும். மூன்று அச்சுகளிலும் கட்டுப்பாடு இருந்தால் கோடு தாளைவிட்டு வெளியில் எழும்பும், விதி அதேதான்.

இதனால் என்ன லாபம்? அதுவரை துடிப்பைத் தேடியவர்கள் கணினியில் கோடிக்கணக்கான உருவங்களை முயன்று பார்த்து, கிடைத்ததில் நல்லதை எடுத்தார்கள். அதைவிட வேகமானது இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. இப்போது அந்தக் கேள்விக்கும் வடிவம் வந்துவிட்டது. கருவி தரக்கூடிய உச்ச வலிமைக்கு மேல் வளையக் கூடாது என்ற வரம்புக்குள், மூடிக்கொள்ளும் கோடுகளில் மிகக் குட்டையானது எது? அதுவே மிக வேகமான கேட். ஸெங்கும் பார்ன்ஸும் இரண்டாம் வரிசைவரை பிழை கழியும் கேட்களுக்கு இதைத் தீர்த்தார்கள். விடையாக வந்த கோட்டில் துடிப்பு திடீர் திடீரென்று மாறியது. அதை அப்படியே நம்பி அனுப்பினால் சூப்கோட்டுக்கு வந்த அதே இடர் வரும். எனவே கோட்டைச் சற்றே இளக்கி, மூலையில்லாமல் வழுவழுப்பாக்கி, நீளம் கொஞ்சம்தான் கூடும்படி பார்த்துக்கொண்டார்கள். கருவியின் ஏறும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தபோது, இந்த வழுவழுப்பான துடிப்பு கூர்மையான துடிப்புகளைத் தெளிவாக முந்தியது. வேகமும் பாதுகாப்பும் ஒரே தாளில் ஒரே கோடாக வந்துவிட்டன என்பதே இதன் பெருமை. ஒன்றைக் கூட்ட மற்றதில் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இனி ஊகிக்க வேண்டாம், அளக்கலாம்.

வேகத்தின் பக்கம் இன்னொரு மைல்கல்லும் உண்டு. 2019இல் சிட்னியில் மிஷேல் சிமன்ஸின் குழு, சிலிக்கானில் 13 நானோமீட்டர் இடைவெளியில் பாஸ்பரஸ் அணுக்களைப் பதித்து, அவற்றின் எலக்ட்ரான்களுக்கிடையே பாதி இடமாற்றக் கேட்டை 0.8 நானோநொடியில் நடத்தியது. வைரத்தில் வேலை செய்தவர்களும் பின்தங்கவில்லை. சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து டூ ஜியாங்ஃபெங்கின் குழு 2015லேயே, வைரத்திலுள்ள நைட்ரஜன் குறைமையத்தில், சாதாரண அறை வெப்பநிலையில், பிழையை எதிர்க்கும்படி வடிவமைத்த துடிப்புகளால் இரண்டு க்யூபிட் கேட்டை 99.2 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தது. ஆனால் வைரத்தில் இத்தகைய மையங்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்குவது கடினம். சிலிக்கானுக்கோ ஒரு தொழில்துறையே பின்னால் நிற்கிறது. ஆகவே எல்லோர் கண்ணும் சிலிக்கான் எப்போது 99ஐத் தாண்டும் என்பதில் இருந்தது.

2022 ஜனவரியில், நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில், மூன்று குழுக்கள் தாண்டின. டெல்ஃப்டில் லீவன் வாண்டர்சைப்பனின் குழு இரண்டு க்யூபிட் கேட்டில் 99.5க்கு மேல் எட்டி, அந்த இரண்டு க்யூபிட்டை வைத்தே ஹைட்ரஜன் மூலக்கூறின் ஆற்றலையும் கணக்கிட்டது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் தருச்சாவின் குழு 99.5. சிட்னியில் மொரெல்லோவின் குழு, இரண்டு பாஸ்பரஸ் கருக்களை ஓர் எலக்ட்ரானால் இணைத்து 99.37. சில மாதங்களில் பெட்டாவின் பிரின்ஸ்டன் குழுவும் 99.8ஓடு வந்து சேர்ந்தது. 2005இல் 10 நானோநொடி நினைவோடு போராடிய அதே பெட்டா.

மூன்றில் ரிக்கென் கட்டுரையை நம் கதைக்காகக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் வேகத்தையே அளவுகோலாக வைத்து, ஸ்பின் திரும்பும் வேகத்தையும் இடைவினையின் வலிமையையும் படிப்படியாக மாற்றித் துல்லியத்தை அளந்தார்கள். மெதுவாகப் போனால் இரைச்சல் வென்றது. வேகம் ஏற ஏறத் துல்லியம் ஏறியது. ஆனால் ஓர் அளவுக்கு மேல் முடுக்கினால் மீண்டும் இறங்கியது. வேகமே எல்லாம் என்ற நம்பிக்கைக்கும் வேகமே ஆபத்து என்ற அச்சத்துக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் எது என்பதை அவர்கள் எண்ணில் காட்டினார்கள். நல்ல சோதனை என்றால் அதுதான்.

அதிகம் முடுக்கினால் ஏன் கெடுகிறது என்பதற்கு ஒரு காரணம் சூடு. மைக்ரோவேவ் துடிப்பு சிப்பைச் சிறிதளவு சூடாக்க, ஸ்பின்னின் அதிர்வெண் நகர்ந்துவிடுகிறது. அடுத்த கேட் தவறிய அதிர்வெண்ணில் விழுகிறது. 2023இல் டெல்ஃப்ட் குழு இதற்குத் தந்த மருந்து எவரும் எதிர்பாராதது. சிப்பை இன்னும் குளிர்விக்காமல், 200 மில்லிகெல்வின் அளவுக்குச் சூடேற்றி வைத்தார்கள். அந்த வெப்பநிலையில் துடிப்பு தரும் கூடுதல் சூடு அதிர்வெண்ணை அவ்வளவாக நகர்த்துவதில்லை. இதுவும், சமநிலையில் வைத்த அந்த இரண்டு புள்ளிகளின் உத்தியேதான்: அசைந்தாலும் பாதிக்காத இடம் பார்த்து நில்.

இத்தனையும் கைதேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு சிப்பையும் வாரக்கணக்கில் தட்டிக்கொடுத்துப் பெற்ற எண்கள். ஒவ்வொரு குவாண்டம் புள்ளிக்கும் மின்னழுத்தம் வேறு, அதிர்வெண் வேறு, இரைச்சலின் குணமும் வேறு. ஒன்றுக்கு வரைந்த கோடு பக்கத்துப் புள்ளிக்குச் சற்றே பொருந்தாமல் போகிறது. 300 மில்லிமீட்டர் தட்டுகளில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை ஒரே அச்சாக வார்த்தெடுக்கும் தொழிற்சாலைகள் இந்த வேற்றுமையைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியோடு, டெல்ஃப்ட் ஆய்வகமும் இன்டெல் நிறுவனமும் கைகோத்திருந்தன. அந்தக் கூட்டு என்ன செய்தது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.